இறங்கிய தோளுக்கு ஒரு கோட்டு

ஊரே கோபத்தில் கொதித்தபோது, தையல்கார மாஸ்டருக்கு மட்டும் ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது: இத்தனை காலம் தன்னிடமே தைத்துக்கொண்டு, இப்போது வெளிநாட்டுக்குத் தப்பியோடிய கட்டட ஒப்பந்தக்காரருக்கு அங்கே யார் துணி தைக்கிறார்கள்?

கோபப்பட அவருக்கும் காரணம் உண்டு. அந்த ஒப்பந்தக்காரர் கட்டிய மாடி சரிந்து விழுந்ததில், மாஸ்டரின் அக்கா மகன் ஒரு காலை இழந்தான். ஆள் அகப்படாததால் வழக்கு அசையவே இல்லை. தம்பியின் கடையிலேயே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துவந்த அக்கா, "கண்டதையும் யோசிக்காம கைவேலையைப் பாருடா" என்று அதட்டுவாள்.

"இல்லக்கா, அந்த ஆளுக்கு இடது தோள் இறங்கின தோளு. ரெடிமேடு கோட்டு போட்டா நழுவிக்கிட்டே இருக்கும்."

"ஆளே நழுவிட்டான், கோட்டு நழுவினா என்ன?"

ஒருநாள் முற்பகலில் ஒப்பந்தக்காரரின் மனைவி கடைக்கு வந்தாள். அடிபட்டவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அவள் அறியாள். கனத்த கம்பளித் துணியைக் கொடுத்து, "என் தம்பிக்கு ஒரு கோட்டு" என்றாள். அளவுகளை வாய்மொழியாகவே சொல்லிச் சென்றாள்.

மாஸ்டரின் கை, மூளையைக் கேட்டு வேலை செய்கிற கை அன்று. மார்பளவையும் கைநீளத்தையும் கேட்டதுமே, பழகிய உடம்பொன்றை அது தானாக நினைவுகூர்ந்து, இடது தோளில் கூடுதலாகப் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டது. மாஸ்டர் அதைக் கவனிக்கவே இல்லை.

கோட்டை வாங்க வந்தவள் அத்தோளை அமுக்கிப் பார்த்து, "மறக்காம பஞ்சு வச்சிருக்கீங்களே, மாஸ்டர்!" என்று மகிழ்ந்தாள்.

மாஸ்டரும் தொட்டுப் பார்த்தார். பார்த்ததும் நிமிர்ந்தார்.

"உங்க தம்பிக்கு ரெண்டு தோளும் நேராத்தானேம்மா இருக்கும்?"

அவள் முகம் வெளிறியது. "அவருக்கு அங்க குளிர் தாங்கலையாம். யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "என் மகன் கால் போய்க் கட்டில்ல கெடக்கான். உன் புருஷனுக்குக் குளிருதா?"



மாஸ்டர் கோட்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கினார். "நாங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். எந்த ஊரும்மா அது?" அந்த நிலையிலும் அவருக்கு ஆவல் அடங்கவில்லை.

அவள், "நீங்க போய்ச் சொன்னா, மறைச்சு வச்சேன்னு என்னையும் உள்ள தள்ளுவாங்க. நானே வந்து சொல்லிடறேன்" என்றாள்.

அக்கா கடைக்கதவைச் சாத்திவிட்டு, இருவருக்கும் முன்பாக நடந்தாள்.