அடியில் ஒட்டிய பெயர்

இதைப் படித்துவிட்டு யாராவது சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. கேட்டபோது நானும் முதலில் சிரித்தவள்தான். ஆனால் ஆர்டிஸ் ஹாகன் என் சமையலறையில் உட்கார்ந்து, முன்னால் வைத்த காப்பியைத் தொடாமல், தேதியும் நேரமும் பிசகாமல் சொன்னாள். விஸ்கான்சினில் இருபத்தெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இந்த ஊர்க்காரர்கள் கூரை பறந்துபோனாலும் "கொஞ்சம் காத்து ஜாஸ்தி" என்று சொல்கிற ரகம். கூட்டிச் சொல்லத் தெரியாது. அதோடு, அவள் சொன்னதில் அவளுக்குப் பெருமை தருகிற விஷயம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் நம்புகிறேன்.

இங்கே வயதானவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் பிறகு எந்தச் சாமான் யாருக்கு என்று வாயால் சொல்லமாட்டார்கள். காகித டேப்பைக் கிழித்து, அதில் பெயரை எழுதி, சாமானின் அடியில் ஒட்டிவிடுவார்கள். சாவு காரியம் முடிந்ததும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டேப்பில் இருக்கிற பெயரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

போன வருஷம் மார்ச் மாதம். ஆர்டிஸுக்கு எழுபத்தொரு வயது. கணவர் லோவெல் பால் பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்து அறை வீட்டை விற்றுவிடுவது, படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பெரிய வண்டியில் ஒரு வருஷம் பிள்ளைகள் வீடுகளுக்கும் பிடித்த இடங்களுக்கும் சுற்றுவது, திரும்பி வந்து எங்கள் கட்டடத்தில் இரண்டு அறை வீட்டில் குடியேறுவது. இதுதான் திட்டம். நாற்பத்தாறு வருஷத்துச் சாமானைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு கேக் தட்டு எதுக்கு ஆர்டிஸ்? நமக்கு இருக்கறது ரெண்டு வாய்."

"உன் வாயே அஞ்சுக்குச் சமம். பேசாம பெட்டியை மடி."

லோவெல் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆர்டிஸ் மாமியாரின் சர்க்கரைக் கிண்ணத்தைச் செய்தித்தாளில் சுற்றப்போனாள். கை தவறிக் கிண்ணம் கவிழ்ந்தது. அடியில் டேப். நீலப் பென்சிலில் ஒரு பெயர்.

கொரின்.

மாமியார் ஹல்டாவின் நடுங்கும் கையெழுத்து. மணி மூன்று பத்து. ஊரே காப்பி குடிக்கிற நேரம். அவள் ஏன் மணி பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த டேப் அங்கே இருக்கவே முடியாது. ஏனென்றால் எட்டு வருஷத்துக்கு முன்னால் அதை உரித்து எடுத்தவளே ஆர்டிஸ்தான்.

கொரின், லோவெலின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்தொன்பது வருஷம் தாயாரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் அள்ளியவள். அதனால் ஹல்டா பெரும்பாலான சாமான்களில் அவள் பெயரை ஒட்டியிருந்தாள். ஹல்டா இறந்த அன்று, கொரின் சவப்பெட்டி தேர்ந்தெடுக்கப் போன ஒன்றரை மணி நேரத்தில், ஆர்டிஸ் ஒவ்வொரு சாமானாகக் கவிழ்த்தாள். கொரினின் பெயரை உரித்தாள். புது டேப்பில் மாமியாரின் கையெழுத்தைப் போலவே நடுங்க நடுங்க 'லோவெல்' என்று எழுதி ஒட்டினாள். எதற்கு? சும்மா ஆசை. வேறு காரணமே இல்லை என்று அவளே சொன்னாள்.

"அம்மா என் கண்ணு முன்னாடி எழுதினாங்க லோவெல்," என்று கொரின் அழுதாள்.

"டேப்ல என்ன இருக்குன்னு பாரு. செத்த அம்மாவைப் பொய்யாக்காதே," என்றார் தம்பி.

அதோடு சரி. ஆறு வருஷம் ஒரு பேச்சு இல்லை. கொரின் ஒரு வாடகை அறையில், பிப்ரவரி மாதக் கொடுங்குளிரில் செத்துப்போனாள். லோவெல் அடக்கத்துக்குக் கிளம்பினார். "பனி கொட்டுது, ரோடு வழுக்கும்," என்று ஆர்டிஸ் தடுத்துவிட்டாள். உண்மையில் அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

இப்போது அந்த டேப் அவள் கையில். பழுப்பேறவில்லை. பிசின்கூடக் காயவில்லை. உரித்து, சுருட்டி, பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு எரித்தாள். கிண்ணத்தை நாலு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தாள். சாயங்காலம் பிரித்துப் பார்த்தால் காகிதம் கசங்கவில்லை. உள்ளே கிண்ணம் இல்லை. வெள்ளையாக மாவு மட்டும் இருந்தது.

அவள் லோவெலிடம் சொல்லவில்லை.

ஜூலையில் டென்னசியில் மகள் கிரெட்சன் வீடு. மாமியாரின் சுவர்க் கடிகாரத்தை மகளுக்குக் கொடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் கிரெட்சன் அதை மாட்டப் போனாள்.

"அம்மா, பின்னாடி கொரின் அத்தை பேரு ஒட்டியிருக்கே. இது அத்தைக்குன்னு பாட்டி எழுதினதா?"

"பழைய டேப். கிழிச்சுப் போடு."

"பழசா? கையில ஒட்டுது பாரு."

கடிகாரம் அப்போதே நின்றுவிட்டது. மூன்று பத்து. மருமகன் பின்கதவைத் திறந்தார். உள்ளே சக்கரமும் இல்லை, வில்லும் இல்லை. கறுப்பு மண். தொட்டவர் கையை உதறினார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது... உள்ளே மண் உறைந்து பாறையாக இருந்தது.

ஆர்டிஸுக்குப் புரிந்துவிட்டது. பெயர் ஒட்டினால் அது கொரினுக்கு. கொரின் எடுத்துக்கொள்கிறாள்.

எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். தட்டு, கடிகாரம், நாற்காலி... எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொலையட்டும். மாமியார் வீட்டுச் சாமான் ஒன்றுவிடாமல் வழியிலேயே தானம் கொடுத்தாள். லோவெல் கேலி செய்தார். "ஒரு ஸ்பூனுக்குச் சண்டை போடற ஆளு நீ. புத்தருக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி ஆயிட்டியா?"

அக்டோபரில் நியூ மெக்சிகோ போனபோது வண்டியில் ஹல்டாவின் சாமான் ஒன்றுகூட இல்லை. ஆர்டிஸ் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாக இருந்தாள்.

அன்று மத்தியானம் லோவெல் வண்டியின் பின்கட்டிலில் படுத்துத் தூங்கினார். ஆர்டிஸ் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பளிச்சென்று வெயில். வெளியே யாரோ நாயைக் கூப்பிடும் சத்தம்.

மூன்று பத்து.

சர்ர்ர்ர்...

டேப் சுருளிலிருந்து இழுக்கும் சத்தம். பின்கட்டில் பக்கமிருந்து.

சர்ர்ர்ர்... க்ரக்.

கிழிக்கும் சத்தம்.

"லோவெல்?"

பதில் இல்லை. குறட்டை மட்டும்.

ஈரக் கையோடு போனாள். யாரும் இல்லை. போர்வைக்கு வெளியே லோவெலின் வலது கால் நீட்டிக்கொண்டிருந்தது.

உள்ளங்காலில் டேப்.

நீலப் பென்சில்.

கொரின்.

பிடித்து உரித்தாள். தோலும் சேர்ந்து வந்தது. ரத்தம் வரவில்லை. கால் ஐஸாக இருந்தது. லோவெல் அசையவே இல்லை. அவள் கத்த வாயைத் திறந்தபோதுதான் கண் விழித்தார்.

"அக்கா கனவுல வந்தா," என்றார். "காப்பி ஆறுது, வாடான்னு கூப்பிட்டா."

அன்றிலிருந்து தினமும். அரிசோனாவில், மகன் வீட்டில், டெக்சஸில், கிறிஸ்துமஸ் அன்று. மூன்று பத்துக்கு அந்தச் சத்தம். ஆர்டிஸ் ஓடுவாள். உரிப்பாள். எரிப்பாள். லோவெல் "கால் மரத்துப்போகுது" என்று நொண்ட ஆரம்பித்தார். டாக்டர் ரத்த ஓட்டம் சரியில்லை என்றார். மரத்துப்போனது முழங்கால்வரை ஏறியது. பிறகு இடுப்புவரை.

செய்ததைச் சொன்னால் லோவெலின் மனசு போய்விடும். சொல்லாவிட்டால் லோவெலே போய்விடுவார். இரண்டில் ஒன்றை எடுக்க அவளுக்கு ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்துக்கு அவளை நான் மன்னிக்கமாட்டேன். அவளிடமே சொன்னேன்.

ஏப்ரலில் திரும்பி வந்து எங்கள் கட்டடத்தில் குடியேறினார்கள். பதினேழாம் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வழியாகச் சொன்னாள். உரித்தது, எழுதியது, ஒட்டியது எல்லாம். பூசி மெழுகவில்லை.

லோவெல் முன்னாலிருந்த தட்டைத் தள்ளிவைத்தார்.

"அவ கெஞ்சினா," என்றார். "நான் கதவைச் சாத்தினேன்."

"லோவெல்..."

"ஒம்பது வருஷம் எம்பக்கத்துல படுத்திருந்தியே ஆர்டிஸ். உனக்குத் தூக்கம் வந்துச்சா?"

அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்க போற?"

"அக்காகிட்ட."

"நானும் வரேன்."

"வேணாம். நீ வந்தா அவ பேசமாட்டா."

இரண்டு இருபதுக்கு நொண்டிக்கொண்டே கிளம்பினார். ஆர்டிஸ் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். மூன்று அடித்தது. மூன்று ஐந்து...

மூன்று பத்து.

சத்தம் வரவில்லை.

காது வலிக்கக் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் முதல்முறை.

அப்பாடா என்று அவளுக்கு வாய்விட்டு அழுகை வந்தது. சொன்னதும் கொரின் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தாள். எழுந்து லோவெலுக்குப் பிடித்த ரொட்டியைச் சுடுவதற்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

நாலு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார்.

கல்லறைத் தோட்டத்தில், அக்காவின் குழிமேட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இதயம் நின்றிருந்தது. செருப்பு இரண்டும் பக்கத்தில் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆர்டிஸ் சவ அறையில் முதலில் உள்ளங்காலைத்தான் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

இது நடந்து இரண்டு நாள் கழித்து ஒரு விஷயம் தெரிய வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

இங்கே கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல்லறைக் கல்லை உயிரோடு இருக்கும்போதே செய்துவைப்பார்கள். இரண்டு பெயரையும் பிறந்த வருஷத்தையும் வெட்டிவிட்டு, மற்றதற்கு இடம் விட்டிருப்பார்கள். இவர்களும் செய்து கல் பட்டறையில் விட்டிருந்தார்கள். லோவெலின் தேதியை வெட்டச் சொல்ல ஆர்டிஸ் போனாள். தனியாகப் போகமாட்டேன் என்றதால் நானும் கூடப் போனேன். மூன்றாம் மனுஷியாக நின்று அந்தப் பேச்சைக் கேட்டேன்.

"தேதி ஏற்கெனவே குடுத்துட்டாங்களேம்மா," என்றார் பட்டறைக்காரர். "அவர் அக்கா வந்திருந்தாங்க."

"எப்போ?"

"அக்டோபர்ல. ஒல்லியா, நீலக் கோட்டு. கை ரொம்பக் குளிர்ந்திருந்துச்சு. ஏப்ரல் பதினேழுன்னு எழுதிக் குடுத்தாங்க. வர்ற வருஷத்தைப் போட்டிருக்கீங்களே, தப்பா இருக்குமோன்னு கேட்டேன். தப்பில்ல, அப்போதான் வரான்னாங்க. எனக்கு ஒன்னும் புரியல. அந்த வரியை மட்டும் வெட்டாம வச்சிருக்கேன்."

"மத்தது?"

அவர் எங்களைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். சாம்பல் நிறக் கல். இடது பக்கம் லோவெல் ஹாகன். வலது பக்கம் ஆர்டிஸ் என்று இருந்த இடம் வழவழவென்று தேய்க்கப்பட்டு, அதன்மேல் ஆழமாக வேறு பெயர் வெட்டியிருந்தது.

கொரின் ஹாகன்.

"என்னைக் கேக்காம எப்படி..." என்றாள் ஆர்டிஸ்.

பட்டறைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேக்காம செய்வோமாம்மா? உங்க சம்மதம் எழுத்துல இருக்கு."

உள்ளே போய்த் தாளை எடுத்து வந்தார். என் பெயரை நீக்கி, அந்த இடத்தைக் கொரினுக்குக் கொடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம் என்று எழுதி, கீழே ஆர்டிஸ் ஹாகன் என்று கையெழுத்து, அக்டோபர் தேதி. வருஷக்கணக்கான பழக்கம் என்பதால் அவள் எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். சாய்வு, சுழி, கடைசி எழுத்தின் வால், எல்லாம் அச்சாக அவளுடையது. கையெழுத்திட்ட அன்று அவள் நியூ மெக்சிகோவில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது நான் எழுதல," என்றாள் ஆர்டிஸ்.

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வயதான காலத்தில் மறந்துபோயிருக்கும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஆர்டிஸ் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகளிடமும் சொன்னாள். கிரெட்சன்கூடத் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல உன் கையெழுத்துதானே இருக்கு," என்றுதான் சொன்னாள்.