நான் எழுதிய சேர்க்கைப் பதிவேடு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. பாறை உடைக்கும் இடத்துக்குப் போய், ஆளுக்கொரு கல் சுமந்து வந்து பள்ளிக்கூட மனையில் போட்ட பிறகுதான் கஞ்சி குடிக்கலாம் என்று எங்கள் சபையில் தீர்மானம். பாறசாலைப் பக்கத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் நடுநிலைப் பள்ளி மட்டுமே உண்டு. அதற்கு மேல் படிக்க நெய்யாற்றின்கரைக்குப் போனால் மலையாளம். தமிழ் வேண்டுமென்றால் கிழக்கே பஸ் ஏற வேண்டும். பெண்பிள்ளைகளை யார் பஸ் ஏற்றுவார்கள்? நான் நாகர்கோவிலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அவர்கள் பாத்திரத்தையெல்லாம் கழுவி, பள்ளியிறுதி முடித்தேன். என் தங்கைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்றுதான் நானும் கல் சுமந்தேன்.

கல் யோசனையைச் சொன்னவர் சபைச் செயலாளர். அப்பாவின் சிநேகிதர், நான் மாமா என்று கூப்பிடுபவர். பின்னால் பள்ளியின் மானேஜர் ஆனார். முதல் நாள் எல்லோரையும்விடப் பெரிய கல்லைத் தூக்கியவர் அவர்தான். தோளில் தோல் உரிந்திருந்ததை நானே பார்த்தேன். அந்த மனுஷன் ஆதியிலிருந்தே கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

நடுநிலைக்கு அடுத்த வகுப்பான நாலாம் பாரம் ஓலைக்கொட்டகையில் தொடங்கியது. மழை பெய்தால் கரும்பலகையை முதலில் காப்பாற்றுவோம், பிள்ளைகளைப் பிறகு. அடுத்த வருஷம் ஐந்தாம் பாரம். என்னை ஆசிரியையாக எடுத்தவரும் மாமாதான். அது தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்த காலம். பனச்சமூட்டில் ஊர்வலம் என்றால் முன்வரிசையில் மாமா இருப்பார். போலீஸ் வண்டியைப் பார்த்து மற்றவர்கள் சந்துக்குள் ஓடுவார்கள், அவர் நிற்பார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளியிறுதி வகுப்பான ஆறாம் பாரத்துக்கு அனுமதி கேட்டு மனு போட்டு மாதங்கள் ஆகியும் பதில் இல்லை. ஒரு மத்தியானம் மாமா புதுச் சேர்க்கைப் பதிவேடு ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"பழசைப் பாத்து இதில எழுது, மக்கா. தாய்மொழின்னு ஒரு கட்டம் உண்டில்லா, அதில எல்லாருக்கும் மலையாளம்னு போடு."

நான் பேனாவை மூடிவிட்டேன்.

"தமிழுன்னு கண்டா இப்ப அந்த ஆப்பீசில ஃபைல் அனங்காது. அனுமதி கிட்டட்டும், மறுவாரமே திருத்தி எழுதுவோம். கூடிப்போனா ஒரு வருசத்துக்கு ஆக்கும். உனக்க கையெழுத்துதான் நல்ல கையெழுத்து."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் கவிழ்த்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எழுதினேன். என் தங்கைக்கும் எழுதினேன். வீட்டில் சொல்லவில்லை.

அனுமதி வந்தது. சபையில் மணியடித்துப் பாயசம் வைத்தார்கள். பதிவேட்டை எப்போது திருத்துவது என்று மாமாவிடம் கேட்டேன். "பொறு மக்கா" என்றார். மறுபடி கேட்டபோது வேறு யாரிடமோ பேசத் திரும்பிக்கொண்டார். ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி என்பார்கள். மாமா அக்கரையில் நின்றுவிட்டார், நான்தான் நடு ஆற்றில் நின்றேன். அதற்குள் எல்லையும் முடிவானது. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் கேரளத்துப் பக்கம் நின்றோம். அடுத்து உத்தரவு வந்தது: பள்ளியில் எல்லோருக்கும் தாய்மொழி மலையாளமாக இருப்பதால் ஆறாம் பாரம் மலையாளத்தில் மட்டும் நடக்கும்.

பெற்றோர்கள் கொதித்து மனு எழுதினார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து கல்வி அதிகாரி விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதர்தான். முன்பெஞ்சில் இருந்த என் தங்கையை எழுப்பி, "வீட்டில் ஏதாணு பாஷ?" என்று கேட்டார்.

"தமிழ் ஆக்கும், சார்."

அவர் பதிவேட்டில் அவள் பெயரைத் தேடினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. யார் எழுதியது என்று மானேஜரைக் கேட்டார்.

"டீச்சர் எழுதினது. நான் அதொண்ணும் பாத்ததில்ல" என்றார் மாமா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருந்தேன். அறுப்பவன் இவ்வளவு நிதானமாக இருப்பான் என்று தெரியாது. மாமா சொல்லித்தான் எழுதினேன் என்று சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது, எனக்கே அது பொய்போல் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு தாய், "முதல் கல்லு சுமந்தவரா அப்பிடிச் சொல்லுவாரு?" என்றாள். யாரும் அவளை மறுக்கவில்லை. கையெழுத்து உங்களுடையதுதானே என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன்.

உத்தரவு மாறவில்லை. பள்ளி அதன்பின் நன்றாகவே வளர்ந்தது. மாடி எழுந்தது, மாமாவின் படம் அலுவலக அறையில் ஏறியது. சில பிள்ளைகள் மலையாளத்துக்கு மாறித் தேறினார்கள், சிலர் நின்றுவிட்டார்கள். மாமா பள்ளியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று இப்போதும் என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். அதற்கு என் தலையை எடுத்திருக்க வேண்டாம்.

அன்று தங்கையும் நானும் வயல் வரப்பில் முன்னும் பின்னுமாக வீட்டுக்கு நடந்தோம். ஊர் என்னை நம்பாவிட்டாலும் அவள் நம்புவாள் என்று நினைத்தேன். நம்பத்தான் செய்தாள்.

"மாமா சொன்னாரு, நீ எழுதின. செரி" என்றாள் திரும்பாமலே. "எனக்க பேருக்க நேரே எழுதும்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா அக்கா?"

மறுநாள் காலை நான் பள்ளிக்குப் புறப்பட்டபோது அவள் புத்தகத்தைத் தொடாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்க்கொண்டிருந்தாள்.