மாமா ஏற்றிய பளபளப்பு

பாசத்தோடு ஒருவர் செய்த வேலையைத் தவறு என்று எப்படிச் சொல்வது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளை நானும் மாமனாரும் பார்த்துக்கொள்கிறோம். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ஒரு தறியில், ஊடைநூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை அடித்துத் தள்ளும் ‘கேம்’ (cam) என்ற எஃகுச் சுழல்பாகம் அடிக்கடி தேய்ந்து தறி நின்றுவிடும். மேற்பரப்பைக் கடினமாக்கினால் நீடிக்கும் என்று படித்தேன். கைக்குழந்தையை இடுப்பிலும் புதுக் கேமை டயாபர் பையிலும் சுமந்துகொண்டு எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறைக்குப் போனேன்.

"மேல்தோலு மட்டுந்தாம்மா கெட்டி. அதைத் தேய்ச்சிராதீக" என்றார்கள்.

கறுத்து வந்த கேமை மாமாவிடம் கொடுத்தபோது அதைச் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு.

ஆயுத பூஜைக்குத் தறிகளைக் கழற்றித் துடைத்தார்கள். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால், கேம் வெள்ளிபோல் மின்னுகிறது. மேலே சந்தனம், குங்குமம்.

"மாமா, கறுப்பு எங்க?"

"செத்த நேரம் சாணை கிரைண்டர்ல பிடிச்சேன், போயிருச்சு. எம் மருமக கொண்டாந்த சாமான் மட்டும் பூசையில கரிச்சட்டியா இருக்கலாமா?"

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும், கெட்டித் தோல் போன கேமை அப்படியே தறியில் மாட்டவிட்டேன்.

சில வாரங்களில் கேம் மறுபடி தேய்ந்தது. "பட்டறைக்காரன் ஏமாத்திப்புட்டான் தாயி. எம்புட்டு அலைஞ்ச, பாவம்!" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார். எரிச்சலில் அழுகைதான் வந்தது.

நேற்று அதே பட்டறையில் இன்னொரு கேமைக் கடினமாக்கி வாங்கி வந்தேன். மாமா மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதுவரை டயாபர் பையை நான் திறப்பதாக இல்லை.