எட்டு மாதத்துச் சீட்டுகள்

மருந்துக்கடை அக்காவுக்குத் தெருவில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. மருந்துச் சீட்டில் ஒன்றை ஏழாக்கிக் கொண்டுவந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்த நாளிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

ஒருநாள் காலையில் தையல்காரம்மா வந்து, புருஷனின் எலும்பு வலிக்குத் தெரு டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினாள். வீரியமான மாத்திரை, சீட்டில்லாமல் ஒன்றுகூடத் தரக் கூடாது. அக்காவின் முகம் மாறியது. அந்த டாக்டரின் எழுத்து பட்டத்தின் வால் மாதிரி இழுத்துக்கொண்டு ஓடும். இதுவோ எறும்பு ஊர்ந்தது போலிருந்தது.

"இது டாக்டர் எழுத்து இல்லையேம்மா. யாரு எழுதினா?"

"என் கண்ணு முன்னாலதான் எழுதினாரு. என்னைப் பார்த்தா திருட்டுச் சீட்டு கொண்டு வர்றவ மாதிரியா இருக்கு?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா டாக்டருக்கு போன் போட்டாள். மருந்தையும் எண்ணிக்கையையும் அவர் சரியாகச் சொன்னார். "நான் எழுதினதுதான்மா. கொடுத்திடு."

"மன்னிச்சிடும்மா. உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று அக்கா எல்லார் காதிலும் விழும்படியே சொன்னாள். தையல்காரம்மா மாத்திரையை வாங்கிக்கொண்டு போனாள்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மதியம் கூட்டம் ஓய்ந்ததும், ஃபைலில் கோத்து வைத்திருந்த டாக்டரின் பழைய சீட்டுகளைத் தேதிவாரியாகப் பரப்பினாள். எட்டு மாதமாக எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்திருந்தது. ஒவ்வொரு வரியும் போகப்போகப் பொடிசாகி முடிந்தது. கள்ளச் சீட்டு எழுதுகிறவன் இப்படி எழுத மாட்டான். டாக்டரின் கைக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சட்டை பட்டன் போடவும் நேரமாகுது. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "ஊருக்கெல்லாம் நோய் கண்டுபிடிக்கிற ஆளு நான்" என்று சிரிக்கப் பார்த்தார்.

"நாளைக்கே நரம்பு டாக்டரைப் பாருங்க சார். தள்ளிப் போட்டா நான் சும்மா விடமாட்டேன்."

பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்தின் தொடக்கம், எழுத்து சிறுத்ததும் அதனால்தான் என்று தெரிந்தது. மருந்து சாப்பிட ஆரம்பித்தார். இப்போது அவர் மருமகள் சீட்டைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறாள். அவர் சரிபார்த்துக் கையெழுத்து மட்டும் போடுகிறார்.

தையல்காரம்மா ஒரு மாதம் வேறு கடைக்குப் போனாள். டாக்டரே விஷயத்தைச் சொன்ன பிறகு மெல்ல வந்து நின்றாள்.

"அன்னைக்கு உங்க மேல எவ்வளவு ஆத்திரம் வந்துச்சு தெரியுமாக்கா?"

"வராம இருக்குமா?" என்று அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உட்காரு. வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நாலு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்குறாரு" என்று தையல்காரம்மா உட்கார்ந்தாள்.