அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஐந்து மாதம்

ஈப்போவில் மத்தியான மழை பிடித்துக்கொண்டால் சுண்ணாம்புக் குன்றுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கடைவீட்டு மாடியில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில் அதைப் பார்த்துக்கொண்டேதான் என் கணினி நிரல்களில் பாதியை எழுதினேன். அரைத்தூக்கத்தில் எழுதினாயா என்று கேட்காதீர்கள். தூக்கம் வந்தாலும் என் திமிருக்கு ஒரு குறைச்சலும் வராது.

சுங்கை சிப்புட் பக்கம், விற்றுப்போன ஒரு ரப்பர் தோட்டம். அங்கே லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு வீடு தரப்போகிறார்கள், பெயர்ப்பட்டியலைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று அந்தத் தோட்டத்து மக்களின் சங்கம் கேட்டது. சங்கத்தார் விவரங்களைத் தட்டுவார்கள். சேமிப்பதற்கு முன் என் நிரல் ஒவ்வொன்றையும் சோதிக்கும். ஐசி என்ற அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் ஏற்காது. இரட்டைப் பிள்ளைகளாக இல்லாமல், ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே ஒன்பது மாதத்துக்குக் குறைவாக இருந்தால், தாய் வேறு என்று கருதி இரண்டாவது ஆளை ஏற்காது. இந்தக் கடைசி விதி யாரும் கேட்காமல் நானே சேர்த்தது. அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டியலை ஒப்படைக்கும் நாள் வந்தது. மாலை ஐந்து மணிவரைதான் கெடு. மூன்று மணிக்கு, மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அக்கா படியேறி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக் கேண்டீனில் சமையல் வேலை. தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். மார்போடு அணைத்திருந்த பிளாஸ்டிக் உறை மட்டும் நனையவில்லை.

“தம்பி, எங்க அண்ணன் பேரு ஏறிருச்சு. என் பேரு ஏறல. இதான் வந்துச்சு” என்று கைப்பேசியை நீட்டினார்.

‘தாய் விவரம் பொருந்தவில்லை. பதிவு நிராகரிக்கப்பட்டது.’ நான் எழுதிய வாசகம்தான்.

உறையிலிருந்த பிறப்புப் பத்திரங்களைப் பார்த்தேன். அண்ணன் மார்ச். அக்கா அதே வருடம் ஆகஸ்ட். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அஞ்சு மாசத்துல ரெண்டு பிள்ளையாக்கா? நீங்களே சொல்லுங்க, நடக்குமா?”

அக்கா சிரித்துவிட்டார். “அண்ணன் முந்தின வருஷம் ஜூன்லயே லயத்துல பொறந்தாரு. அப்பாவுக்கு டவுனுக்குப் போக லீவு கிடைக்கல. லேட்டா பதிஞ்சா அபராதம்லா. மார்ச்சுல போயி, போன வாரந்தான் பொறந்தான்னு சொல்லிட்டாரு. நான் ஆஸ்பத்திரியில பொறந்தவ, என் தேதி சரியான தேதி. எங்க லயத்துல நெறைய பேருக்கு இப்படித்தான் தம்பி.”

சன்னலில் பாதிக் குன்று தெரிந்தது. அந்த மழைமூட்டத்துக்குள் ரப்பர் பால்மரங்கள் வரிசை வரிசையாக நிற்பதுபோலவும், நடுவே டவுனை நோக்கி அப்பாக்கள் நடந்து போவதுபோலவும் எனக்கு இருந்தது. வீட்டில் பிள்ளை தவழ ஆரம்பித்திருக்கும். அவர்கள் ‘போன வாரம், போன வாரம்’ என்று சொல்லிப் பழகிக்கொண்டே போகிறார்கள்.

“தம்பி” என்றார் அக்கா. சிரிப்பு போயிருந்தது. “வீட்டுக்காகத்தான் ஓடியாந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா அம்மா பொருந்தலன்னு போட்டுட்டீங்களே. கடைசி ஏழு வருஷம் படுக்கையில கெடந்த அம்மாவ நான்தானே தூக்கி எடுத்துப் பாத்துக்கிட்டேன்.”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. விதியை மாற்றினேன். இடைவெளி குறைந்தால் தள்ளிவிடாதே, குறித்து வைத்துக்கொண்டு உரியவரிடம் கேள் என்று எழுதினேன். மறுபடி தட்டினேன். ஏறியது. அக்கா திரையில் தன் பெயரையும், அதற்கு மேலிருந்த அம்மாவின் பெயரையும் ஈர விரலால் தொட்டுப் படித்தார்.

அதன் பிறகுதான், ஒருநாளும் திறந்து பார்க்காத நிராகரிப்புப் பட்டியலைத் திறந்தேன். பதினேழு பேர். பதினேழு பேருக்கும் அதே வாசகம் போயிருந்தது. ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன்.

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “எல்லாம் எங்க ஆளுங்கதான். நான் கூப்புடுறேன், நீங்க ஏத்துங்க.”

கெடுவுக்குச் சற்று முன்னால் பதினேழு பெயர்களும் ஏறிவிட்டன. ஆனால் என் காதில் இன்றும் இருப்பது அவருடைய முதல் அழைப்பு. அந்தப் பக்கம் ஒரு முதிய குரல் உடைந்துகொண்டிருந்தது.

“அழுவாதீங்கண்ணே. உங்க அம்மா உங்க அம்மாதான். தேதி மட்டுந்தான் அப்பாவோடது.”