படத்திலிருந்த சினைமாடு

எனக்குப் பத்து வயதானபோது, அம்மாவின் தம்பி எங்களை ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்தார். மாமாவுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. சித்தூரில் நெல்லும் தென்னையும் எட்டு மாடுகளுமாக இருந்த அப்பா, மாடுகளைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு அரை மனதோடு கிளம்பினார்.

ஊர் சுற்றிப் பார்க்க மாமாவுக்குக் கிடைத்த லீவு ஒரே நாள். காலையில் கப்பல் மியூசியம், மதியம் ஓவிய மியூசியம், ஐந்து மணிக்குப் படகு என்று போனில் பட்டியலே வைத்திருந்தார். நான் காத்திருந்தது அந்தப் படகுக்குத்தான். தெருவுக்குத் தெரு வாய்க்கால், கரையில் தோளோடு தோள் சாய்ந்து நிற்கும் ஒடுக்கமான வீடுகள், கோட்டு போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கிற பெரிய மனிதர்கள். எல்லாமே எனக்கு அதிசயம். அப்பாதான் பேசவே இல்லை. ஊரில் நாலு பேர் யோசனை கேட்டு வரும் மனிதர், இங்கே டிராமில் ஏறுவதற்குக்கூட மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

ஓவிய மியூசியத்தில், கூட்டம் மொய்க்கும் பெரிய படம் ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அப்பாவைக் காணோம். அவர் போன் அங்கே வேலை செய்யாது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கூடம் கூடமாக ஓடினோம்.

கடைசியில் ஒரு சின்ன அறையில் அவர் குரல் கேட்டது. சுவரில் முழ அகலப் படம். மர நிழலில் ஒரு செவலைப் பசு. அதன் முன்னால் நின்று, அங்கே காவலுக்கு இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம், மடியையும் வாலையும் விரலால் காட்டிக் காட்டி, அப்பா சத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

“பாருங்க, மடி கட்டீருச்சு. வாலுக்குப் பக்கத்துல குழி உழுந்துருச்சு. விடியறதுக்குள்ள கன்னு போட்டுருமுங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

“மச்சான், மெதுவாப் பேசுங்க. அவங்களுக்கு என்ன புரியும்?” என்றார் மாமா.

அந்தப் பெண்ணோ குனிந்து படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து, இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்து, கன்றின் கால்களைப் பற்றி வெளியே இழுப்பதுபோல் செய்து காட்டினாள். அப்பா குலுங்கிச் சிரித்தார். “அதேதானுங்க!”

அவள் மாமாவிடம் ஏதோ சொன்னாள். மாமா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “இவங்க ஊட்டுலயும் மாடு இருந்துதாமுங்க. ஆறு வருசமா இந்தப் படத்துக்கிட்ட நிக்கறாங்களாம். சினைன்னு சொன்ன மொத ஆளு நீங்கதானாம்.”

“வரைஞ்சவன் மாட்டோட பொழங்குனவன், மாப்ள. சும்மா பாத்து இப்படி வரைய முடியாது” என்ற அப்பா, படத்தை நோக்கிக் கைகூப்பினார். அந்தப் பெண்ணும் அதேபோல் அவருக்குக் கைகூப்பினாள்.

மூடும் மணி அடிக்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. படகு போய்விட்டது. நான் அழுதுகொண்டே வெளியே வந்தேன்.

அப்பா, ஊரில் நடப்பதுபோலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். “வலது பக்கமுங்க மச்சான், வலது பக்கம்” என்று கத்திக்கொண்டே மாமா பின்னால் ஓடினார். வழி தெரியாத மனிதர் எதற்காக முன்னால் போகிறார் என்று எனக்கு அன்று ஒரே எரிச்சல்.