பூங்காவுக்குப் போகும் மஞ்சள் கயிறு

மாரண்டஹள்ளியில் எங்கள் தெருப் பெண்கள் காலையில் பூங்காவில் நடக்கிறார்கள் என்றால் அதற்கு நான்தான் காரணம். தற்பெருமைதான், இருக்கட்டும்.

"சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் போதாதும்மா. தினமும் நடக்கணும். இல்லேன்னா அடுத்தது ஊசிதான்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். ஊசி என்றாலே எனக்குக் குலை நடுங்கும். என் அம்மா சர்க்கரைக்குத் தினமும் வயிற்றில் குத்திக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்த லட்சணத்தில் ஒரு விடியற்காலை, பூங்காவை ஒட்டிய ரோட்டில் தனியாக நடந்த எங்கள் தெரு டீச்சர் ஒருவரின் தாலிச் செயினை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பூங்காவில் ஒரு பெண்கூட இல்லை.

"மொட்டை மாடியிலயே நட, போதும்" என்றார் கணவர். தக்காளி மண்டி வைத்திருப்பவர். வீட்டிலும் மண்டிப் பேச்சுதான், ஒரே விலை, பேரம் கிடையாது. மாடியிலேயே நடந்து பார்த்தேன். தண்ணீர் டேங்கிலிருந்து துணிக்கொடி, துணிக்கொடியிலிருந்து டேங்க். செக்குமாடு கூட என்னைவிட அதிக தூரம் போயிருக்கும். தலை சுற்றியதுதான் மிச்சம், சர்க்கரை இன்னும் ஏறியது. எனக்கு வந்ததே கோபம். எவனோ திருடுகிறான் என்று நான் ஏன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்?

தாலியைச் செயினிலிருந்து மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றேன். மாமியார் ஆடிப்போனார்.

"புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப கழுத்துல கை வெக்கறயா?"

"தாலி கழுத்துலதாங்க அத்தே இருக்கும். தங்கந்தான் பீரோவுக்குப் போவுது."

"நடந்துட்டு வந்து செயின்ல கோத்துக்க" என்று கணவர் சமாதானம் பேசினார். அதற்கும் மாமியார் விடவில்லை.

"தினமும் கழட்டி மாட்டறதுக்கு அது என்ன சட்டையா? கட்டுனா கட்டுனதுதான்."

அப்படியே ஆகட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை காலை சாமி படத்தின் முன்னால் கணவரே கயிற்றைக் கட்டினார். செயின் பீரோவுக்குப் போனது.

பிறகு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். ஐந்தாறு பேர் சேர்ந்தோம், எல்லார் கழுத்திலும் கயிறுதான். வெளிச்சம் வந்த பிறகே கிளம்புவோம். சேர்ந்தே நடப்போம். காதில் பாட்டு கிடையாது. நாய்க்காக என் கையில் ஒரு குச்சி. ஒரு நாள் பூங்கா கேட்டருகே பைக் ஒன்று வேகம் குறைத்தது. பின்னால் இருந்தவன் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தான். நான் குச்சியைத் தூக்கிக்கொண்டு, "என்னப்பா, மஞ்சக் கயிறு வேணுமா? கட்டி வுடட்டுமா?" என்றேன். பைக் பறந்துவிட்டது.

இதை வீட்டில் சொன்னேன். வியர்வையில் வெளுத்திருந்த என் கயிற்றுக்கு மாமியாரே மஞ்சள் குழைத்துப் பூசிவிட்டார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் ஊசிப் பேச்சையே எடுக்கவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தக்காளி விலை விழுந்ததும் மண்டிக்காரர் பெண்டாட்டியின் தாலிச் செயின்கூட அடகுக்குப் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். மாமியார் காதுக்கும் அது எட்டியது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பயந்துபோனேன். குடும்ப மானம் என்று சொல்லி மறுபடி செயினைப் போடச் சொன்னால், பூங்கா போச்சு. பூங்கா போனால் ஊசிதான்.

பாலக்கோட்டில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். எங்கள் ஊரிலேயே இருக்கும் மாமியாரின் நாத்தனார் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தார். என் கழுத்தைப் பார்த்துவிட்டு, நாலு இலைக்குக் கேட்கும்படி கேட்டார்:

"ஏங்க அண்ணி, மருமவ செயினு அடகுலயா?"

மாமியார் அவசரமே இல்லாமல் ரசத்தைப் பிசைந்தார்.

"ஆமா, அடகுதான். அவ சக்கரை வியாதிய வெச்சிருக்கறோம். திருப்பற எண்ணமில்ல." பிறகு நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தார். "நீயுந்தான சக்கரைக்கு ஊசி போட்டுக்கற? நாளைக்கு வூட்டுக்கு வா, உனக்கும் ஒரு கயிறு தர்றேன். இவகூட நட."